செடிப் பெயர்ப் பட்டியலால் மொழி மீளுமா? பழங்குடி மொழி மீட்பும் தாவர அறிவும்

#1 வேர்ச்சொல்

வணக்கம். பேசுவோர் அருகிவரும் பழங்குடி மொழி ஒன்றில் மீட்பு வேலை தொடங்கினால், பெரும்பாலும் முதலில் வெளிவருவது ஒரு செடிப் பெயர் நூல்தான். படம், அந்த மொழிப் பெயர், அறிவியல் பெயர், ஒரு வரியில் மருத்துவப் பயன். பிள்ளைகள் அதை அழகாக ஒப்பிப்பார்கள். அதே செடியைக் காட்டி, ‘இதைப் பறிக்காதே, இன்னும் முற்றவில்லை’ என்று அந்த மொழியில் சொல்லச் சொன்னால் பேச்சு வராது.

தாவர அறிவு மொழி மீட்புக்குத் துணை என்று எல்லோரும் சொல்கிறோம். எப்படிச் செய்தால் அது பேச்சாக மாறும், எங்கே பட்டியலோடு நின்றுபோகிறது என்று இந்த வேலை அறிந்தவர்கள் விவரமாக எழுதினால் பலருக்கும் பயன்படும். பதிவு, மாதிரி, எழுத்துமுறை, வெளியிடுவது, எல்லாவற்றையும் பேசலாம்.

இரண்டும் எவ்வளவு இறுகப் பிணைந்தவை என்பதற்கு ஒரு தரவு. 2021-ல் கமரா-லெரெட், பஸ்கோம்ப்தே என்ற இரு ஆய்வாளர்கள் வட அமெரிக்கா, வடமேற்கு அமேசான், நியூ கினி ஆகிய பகுதிகளின் 236 பழங்குடி மொழிகளில் பதிவான 12,495 மருத்துவப் பயன்களை ஒப்பிட்டார்கள். ஒரே ஒரு மொழிக்காரர் மட்டும் அறிந்திருந்த பயன்கள் வட அமெரிக்காவில் 73 விழுக்காடு, வடமேற்கு அமேசானில் 91, நியூ கினியில் 84. செடி அழிவதைக் காட்டிலும் மொழி அழிவதுதான் இந்த அறிவுக்குப் பெரிய ஆபத்து என்ற முடிவுக்கு அவர்கள் வந்தார்கள்.

#2 கானகக்கல்வி

பட்டியலில் இருப்பவை பெயர்ச்சொற்கள். பேச்சை ஓட்டுவது வினைச்சொல். கிள்ளு, கொய், அகழ், உரி, சீவு, ஊறவை, பிழி, வாட்டு என்று செடியோடு மனிதர் செய்யும் வேலையில்தான் வினைகள் வரிசையாக வெளிவரும். அதனால் செடியை ஓர் அலகாக எடுக்காதீர்கள், வேலையை எடுங்கள். ஒரு செடி, அதில் ஒரு வேலை, தொடக்கம் முதல் முடிவு வரை.

வட அமெரிக்காவின் வடமேற்குப் பகுதியில் சேலிஷ் மொழிக் குடிகள் உட்படப் பலரும் செய்துவந்த கமாஸ் கிழங்கு வேக்காட்டைப் பாருங்கள். நீலப் பூப் பூக்கும் செடி, சிறு வெங்காயம் போன்ற கிழங்கு. அதில் இருக்கும் இனுலின் நம் குடலில் செரிக்காது. குழியில் ஒரு நாள் முதல் இரண்டு நாள் வரை வேகும்போது பெரும்பகுதி ஃபிரக்டோஸாக உடைந்து கிழங்கு கருத்து இனிக்கும்.

குழியை முழங்கால் ஆழத்துக்கு மேல் தோண்டுவார்கள். அடியில் வெடிக்காத கற்களை அடுக்கி, மேலே தீ மூட்டி, இரண்டு மூன்று மணி நேரம் கற்களைக் காயவிடுவார்கள். ஆற்றங்கரையிலிருந்து எடுத்த ஈரக்கல் உள்ளிருக்கும் நீர் ஆவியாகி வெடித்துச் சிதறும், ஆகவே கல்லைத் தேர்வதே தனிப் பேச்சு. எரிந்த தணல் கங்குகளை வாரிவிட்டு, ஈரமான பச்சிலைகளைக் கனமாகப் பரப்பி, கிழங்கை வைத்து, மறுபடி இலை. நடுவில் நட்டு வைத்த கோலை உருவி, அந்தத் துளை வழியே நீர் ஊற்றுவார்கள். ஆவி எழுந்ததும் துளையை அடைத்து, பாயால் மூடி, மண் அணைப்பார்கள். இலைப் படுகை மெலிதாக இருந்தால் அடிக்கிழங்கு கருகும். நீர் குறைந்தால் ஆவி போதாமல் நடுக்கிழங்கு வேகாது. மண்ணில் கசிவு இருந்தால் சூடு ஒருபக்கமாக ஓடிவிடும்.

இந்த ஒரு வேலைக்குள் எத்தனை இலக்கணம் இருக்கிறது பாருங்கள். ‘சிவக்கும் வரை காத்திரு’ என்றால் எல்லை காட்டும் எச்சம். ‘இன்னும் காயவில்லை’ என்றால் எதிர்மறை. ‘ஆவி கசிந்தால் மண் போடு’ என்றால் நிபந்தனை. ‘அந்தப் பக்கம், மேட்டுப் பக்கம், உன் கைப்பக்கம்’ என்று இடம் காட்டும் சொற்கள். ‘நீ பிடி, அவள் ஊற்றட்டும்’ என்று ஏவலும் வியங்கோளும். இவற்றைப் பலகையில் எழுதிக் கற்பித்தால் மாதக்கணக்கில் ஆகும். குழியருகே ஒரே வாக்கியம் ஒரு பிற்பகலில் இருபது முறை தேவைப்பட்டே வரும்.

எந்தச் செடியை எடுப்பது என்பதற்குச் சில அளவுகோல்கள் வைத்துக்கொள்ளுங்கள். ஏராளமாக வளர வேண்டும். பிள்ளைகள் கை வைத்தால் ஆபத்து இருக்கக் கூடாது. வேலை குறைந்தது ஐந்தாறு படிகளாக நீள வேண்டும். ஆண்டுதோறும் திரும்பி வர வேண்டும். சடங்குக் கட்டுப்பாடு உள்ள செடியாக இருக்கக் கூடாது. கடைசியாகச் சொன்னதைச் சமூகத்துப் பெரியவர்களிடம் கேட்காமல் முடிவு செய்யக் கூடாது.

ஒரு வேலைக்கு 10 முதல் 12 வினைகள், 20 பெயர்கள், 15 வாக்கியங்கள் போதும். முதல் இரண்டு அமர்வுகளில் கற்பவர் பேசவே வேண்டாம். மூத்தவர் சொல்வதைக் கேட்டுக் கையால் செய்தால் போதும். மூன்றாம் அமர்வில் ‘இதுவா அதுவா’ என்ற கேள்விக்கு ஒரு சொல்லில் பதில். ஐந்தாம் அமர்வுக்கு மேல் கற்பவர் ஏவ, மூத்தவர் செய்கிறார். இப்படி இடம் மாற்றுகிற கட்டத்தில்தான் வாய் திறக்கும். ஒரு மூத்தவருக்கு மூன்று முதல் ஐந்து பேர் வரை கற்கலாம். அதற்கு மேல் போனால் பின்வரிசையில் நிற்பவர்கள் வட்டார ஆட்சிமொழியில் தங்களுக்குள் பேசத் தொடங்கிவிடுவார்கள்.

#3 உலர்தாள்

கமாஸ் பற்றி எழுதியதோடு இதையும் சேர்த்தே படிக்க வேண்டும். அதே புல்வெளியில் சாவுக் கமாஸ் என்ற நச்சுச் செடியும் வளரும். இலையும் கிழங்கும் ஏறத்தாழ ஒரே சாயல், பூ மட்டும் வெளிர்மஞ்சள் கலந்த வெள்ளை. பூத்திருக்கும்போது பார்த்து அகழ வேண்டும், அல்லது பூக்காலத்தில் அடையாளம் கட்டி வைத்துப் பிறகு அகழ வேண்டும். இந்த எச்சரிக்கையை மூத்தவர் எந்தச் சொற்களில் சொல்கிறாரோ அதே சொற்களில் முதல் நாளே பாடத்தில் வைக்க வேண்டும். கற்பவர் அதைச் சரியாகப் புரிந்துகொண்டார் என்று உறுதியாகும் வரை அகழும் கோலைக் கொடுக்கக் கூடாது.

பெயர் கிடைத்துச் செய்முறை கிடைக்காமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஆஸ்திரேலியாவின் நார்டூ சான்று. ஆரைக்கீரை இனத்தைச் சேர்ந்த நீர்ப் பெரணி அது. 1861-ல் கூப்பர் ஓடைக்கரையில் பட்டினி கிடந்த பர்க், வில்ஸ் ஆகிய பயணிகளுக்கு யாண்ட்ருவாந்தா மக்கள் அதன் வித்துறையை (வித்துகள் அடங்கிய கடினமான உறையை) மாவாக்கிக் கொடுத்தார்கள். பயணிகள் பிறகு தாங்களே பொறுக்கி அரைத்துத் தின்றார்கள். வயிறு நிறையத் தின்றும் நாளுக்கு நாள் உடல் மெலிந்து இறந்தார்கள். யாண்ட்ருவாந்தா மக்கள் பராமரிப்பில் இருந்த கிங் என்ற ஒருவர் மட்டும் பிழைத்தார். நார்டூவில் தயமினை, அதாவது வைட்டமின் பி1-ஐ, சிதைக்கும் நொதி உண்டு. வறுப்பதும் நீர் சேர்த்து அரைப்பதுமான பழைய முறை அந்த நொதியின் கேட்டைக் குறைத்திருக்கும் என்பது பின்னாளில் ஆய்வாளர்கள் தந்த விளக்கம். ‘நார்டூ: உண்ணத்தக்கது’ என்று எழுதிய பட்டியலால் பயணிகள் கையில் இருந்ததைவிட அதிகமாக எதையும் கொடுக்க முடியாது.

வகைப்பாட்டைப் பற்றியும் ஒன்று. பட்டியல் தயாரிப்பவர்கள் மரம், செடி, கொடி என்று தங்கள் மொழியின் கட்டங்களை வரைந்துவிட்டுப் பெயர்களை நிரப்புகிறார்கள். அங்கேயே பாதி அறிவு போய்விடுகிறது. மெக்சிகோவின் செல்தால் மொழியில் தாவரம் என்ற பொதுச்சொல்லே இல்லை. மரம், கொடி, புல், பூண்டு என நான்கு பெருவகைகள், அவற்றின் கீழும் அவற்றுக்கு வெளியிலுமாக 471 இனப்பெயர்கள் என்று பெர்லின், பிரீட்லவ், ரேவன் மூவரும் 1974-ல் பதிவு செய்தார்கள். நமக்கும் இது புதிதில்லை. தொல்காப்பியம் புறத்தே வைரம் உள்ளதைப் புல் என்றும் அகத்தே வைரம் உள்ளதை மரம் என்றும் வகுக்கிறது. பனையும் மூங்கிலும் அங்கே புல். பனையை மரக் கட்டத்தில் எழுதச் சொன்னால் அந்தப் பார்வை ஏட்டில் ஏறாது.

ஆகவே கட்டம் போடாமல் கேளுங்கள். ‘இதற்கு உறவு எது? இதோடு சேர்ந்தது எது?’ என்று கேட்டால் பேசுபவரே வகுத்துக் காட்டுவார். பல மொழிகளில் நெருங்கிய செடிகளை அண்ணன் தம்பி, அக்காள் தங்கை என்று உறவுமுறையிலேயே சொல்வார்கள். உறுப்புகளைக் கேட்கும்போதும் அப்படித்தான். ‘இலைக்கு உங்கள் மொழியில் என்ன’ என்றால் ஒரு சொல் வரும். தமிழில் ஒருவர் இப்படிக் கேட்டால் ஓலை, தோகை, தாள், மடல் எதுவுமே அவர் ஏட்டில் வராது. முளைப்பதிலிருந்து காய்வது வரை ஒவ்வொரு பருவத்தையும் செடியருகே நின்று கேட்க வேண்டும்.

#4 ஒலிப்பேழை

பதிவு பற்றி. தரம்: வேவ் கோப்பு, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். எம்பி3-இல் பதிந்துவிட்டுப் பிறகு வேவ் ஆக்கினால் இழந்தது திரும்பாது. வாட்ஸ்அப் குரல்செய்தியைப் பதிவாகக் கொள்ளாதீர்கள். உயர் அதிர்வெண்கள் வெட்டுப்படுவதால் ‘ஸ’, ‘ஷ’, ‘ஃப’ போன்ற உரசொலிகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். கைப்பேசியிலேயே பதிய வேண்டியிருந்தால் இரைச்சல் நீக்கும் வசதியை அணைத்துவிட்டு, வேவ் கொடுக்கும் செயலியில் பதியுங்கள்.

காலர் மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் கீழே, துணி உரசாத இடத்தில் மாட்டுங்கள். காட்டில் காற்றுக்குக் கடற்பஞ்சு உறை போதாது, மயிர்போர்த்த உறை வேண்டும். பேச்சின் உச்சம் மைனஸ் 12 டெசிபெல் அருகே நிற்கட்டும். ஓடையும் சில்வண்டும் உள்ள இடத்தில் பேசுபவரின் முதுகு சத்தத்தின் பக்கம் இருக்கும்படி நிறுத்தினால் பெரிய வித்தியாசம் தெரியும்.

ஒவ்வொரு வேலைக்கும் மூன்று பதிவுகள் எடுங்கள். முதலாவது, வேலை நடக்கும்போது இயல்பான வேகத்தில், கேள்வி எதுவும் கேட்காமல், காணொளியோடு. உரிப்பதும் இடிப்பதும் ஒலியை மூழ்கடிக்கும், பரவாயில்லை. இரண்டாவது, நிழலில் அமர்ந்து அந்தக் காணொளியைப் பார்த்துக்கொண்டே மூத்தவர் நடப்பதைச் சொல்லும் பதிவு. அமைதியான சூழலில் தெளிவான வாக்கியங்கள் கிடைப்பது இதில்தான். மூன்றாவது, சொற்பதிவு. ஒவ்வொரு சொல்லும் மூன்று தடவை, பிறகு ஒரு வாக்கியத்துக்குள் ஒரு தடவை. வரிசையாகச் சொல்லும்போது கடைசித் தடவையில் குரல் தாழ்ந்து இழுபடும், அதனால் அகராதிக்கு நடுவில் உள்ளதை எடுப்பது வழக்கம். தொனி வேறுபாட்டால் பொருள் மாறும் மொழிகளில் வாக்கியத்துக்குள் சொன்னது இல்லாமல் எழுதவே கூடாது.

நேரத்தை அளந்து பதியுங்கள். ஒரு மணி நேரப் பதிவை எழுத்தாக்கி, மொழிபெயர்த்து, சரிபார்க்க நாற்பது ஐம்பது மணி நேரம் சாதாரணமாகப் பிடிக்கும். நூறு மணி நேரம் பதிந்து அடுக்கி வைத்துவிட்டு ஒன்றையும் எழுதாமல் விட்ட திட்டங்கள் பல. மூத்தவரோடு ஒரு அமர்வு 40 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். எழுத்தாக்க எலான், அகராதிக்கு பிளெக்ஸ், இரண்டும் இலவச மென்பொருள்கள். கோப்பின் பெயரில் மொழிக் குறி, நாள், பேசுபவர் குறி, வரிசை எண் நான்கும் இருக்கட்டும். மூன்று நகல், இரண்டு வகைச் சேமிப்பு, அதில் ஒன்று வேறு ஊரில்.

#5 வேர்ச்சொல்

இரண்டு சந்தேகங்கள். மூத்தவர்கள் நடக்க முடியாத நிலையில் இருந்தால் புகைப்படம் காட்டிப் பெயர் கேட்கலாமா? ஒரு செடிக்கு எத்தனை பேரிடம் கேட்டால் பெயர் உறுதி என்று கொள்ளலாம்?

#6 உலர்தாள்

புகைப்படத்தில் அளவு தெரியாது, மணம் இல்லை, பால் வடிவது தெரியாது, எந்த மண்ணில் நிற்கிறது என்பதும் தெரியாது. செடியை அடையாளம் காண இவையே முதன்மை என்றிருப்பவர் படத்தைப் பார்த்து அதே சாயலில் உள்ள வேறொன்றைச் சொல்லிவிடுவார். நடக்க முடியாதவருக்கு அன்றே வெட்டிய கிளையை, வேரோடும் பூவோடும், ஈரத்துணியில் சுற்றி எடுத்துச் செல்லுங்கள். கசக்கி முகர்ந்து பார்த்துச் சொல்லட்டும். படத்தை நினைவூட்ட மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

குறைந்தது ஐந்து பேரிடம், தனித்தனியாக. கூட்டமாகக் கேட்டால் மதிப்புக்குரிய ஒருவர் சொன்னதை மற்றவர்கள் ஒத்துக்கொள்வார்கள். கிடைக்கும் விடைகளை நான்காகப் பிரித்துக் குறியுங்கள்: பெயர், வருணனை (‘சிவப்புத் தண்டு உள்ளது’), பயன் (‘காய்ச்சல் மருந்து’), தெரியாது என்பதைக் குறிக்கும் தொடர். கடைசி மூன்றும் பெயராக அச்சேறியிருக்கும் அகராதிகள் உண்டு. பெயரா வருணனையா என்று ஐயம் வந்தால் அதே வருணனைக்குப் பொருந்தும் வேறு செடியைக் காட்டி ‘இதுவும் அதுவா?’ என்று கேளுங்கள். மறுத்தால் அது பெயர்.

பெயர்கள் முரண்பட்டால் ஒன்றைத் தவறு என்று அடிக்காதீர்கள். ஓர் இனத்துக்கு இளமையில் ஒரு பெயர், முற்றியதும் ஒரு பெயர் இருக்கலாம். பல இனங்களுக்கு ஒரே பெயர் இருக்கலாம். ஆஸ்திரேலியப் பழங்குடிகள் பலரிடம் இறந்தவர் பெயரை ஒத்த சொல்லைச் சில காலம் சொல்லாமல் விலக்கும் வழக்கம் உண்டு, அப்போது செடிக்கு மாற்றுப்பெயர் வழங்கும். பேசுபவர் யார், எந்த ஊர், எந்தப் பருவம் என்ற குறிப்போடு எல்லாவற்றையும் வையுங்கள்.

ஒவ்வொரு பெயருக்கும் ஓர் உலர்மாதிரி கட்டாயம். பூ அல்லது காயோடு கூடிய கிளை, ஏறத்தாழ 42 க்கு 29 சென்டிமீட்டர் தாளில் அடங்கும் அளவில். செய்தித்தாளுக்கு இடையே வைத்து, அட்டை கொடுத்து, இறுக்கிக் கட்ட வேண்டும். முதல் சில நாட்களுக்கு நாள்தோறும் தாள் மாற்ற வேண்டும், இல்லையென்றால் பூஞ்சை பிடித்துக் கருத்துவிடும். ஓர் இலையை அடிப்பக்கம் தெரியும்படி திருப்பி வையுங்கள். காய்ந்தபின் மறைந்துவிடும் பூ நிறம், மணம், பால், செடியின் உயரம் ஆகியவற்றை அங்கேயே எழுதிவிட வேண்டும். மாதிரியில் ஒலிக்கோப்பு எண்ணையும், ஒலிக்கோப்பில் மாதிரி எண்ணையும் குறிப்பது முக்கியம். ஒலிப்பதிவின் தொடக்கத்தில் மாதிரி எண்ணை வாயால் சொல்லிவிட்டால் பின்னால் குழப்பமே வராது. மாதிரியை உறையில் போட்டு மைனஸ் 20 டிகிரியில் ஒரு வாரம் வைத்தால் பூச்சி சாகும். இரண்டு மூன்று நகல் எடுத்து, ஒன்று உலர்தாவரகத்துக்கு (உலர்மாதிரிகளைச் சேமித்து வைக்கும் நிலையத்துக்கு), ஒன்று சமூகத்திடமே.

#7 வரிவடிவம்

எழுத்துமுறைச் சண்டையில் சிக்கிச் செடிப் பாடமே நின்றுபோவது உண்டு. தற்காலிக எழுத்துமுறை என்று தலைப்பிலேயே போட்டுத் தொடங்கிவிடலாம். ஒலிக்கோப்பு இருக்கும்வரை எழுத்தைப் பின்னால் திருத்திக்கொள்ளலாம்.

தமிழ் எழுத்தில் எழுத நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியது: நம் எழுத்தில் ககரம் ஒன்றுதான், ஒலிப்பு இடத்தால் மாறும். வல்லொலியும் மெல்லொலியும் பொருளை மாற்றும் மொழியில் இது பொருந்தாது. இருள மொழியில் நாவின் நடுப்பகுதியில் பிறக்கும் உயிர்கள் உண்டு, தமிழில் அவற்றுக்கு எழுத்து இல்லை. தோடர் மொழியில் ரகர வகைகள் மட்டும் ஆறு. இத்தகைய இடங்களில் எழுத்தின் மேல் புள்ளியோ கோடோ, சிறு எண்ணோ சேர்க்கலாம். ஆனால் அந்தக் குறி சாதாரணக் கைப்பேசி விசைப்பலகையில் தட்ட முடிவதாக இருக்க வேண்டும். தட்ட முடியாத எழுத்தில் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் செய்தி அனுப்ப மாட்டார்கள்.

காட்டுப் பாதையில் பெயர்ப்பலகை வைக்கிறவர்கள் கியூஆர் கோடில் வெறும் சொல்லை ஒலிக்க வைக்காமல், அந்தச் செடியோடு ஒரு முழு வாக்கியத்தை ஒலிக்க வையுங்கள். ‘பூத்தபிறகு கிள்ளு’ என்பது போல.

#8 பொதுவுரிமை

மேலே எழுதியவற்றில் எதை வெளியிடலாம் என்பது பதிவுக்கு முன்பே பேசி முடிக்க வேண்டியது. பதிந்து முடித்தபின் கேட்டால் மறுக்கச் சங்கடப்படுவார்கள், பிறகு உறவே முறியும். ஒவ்வொரு கோப்புக்கும் நான்கு படிகளில் ஒன்றைக் குறியுங்கள்: எல்லோருக்கும், சமூகத்துக்கு மட்டும், குடும்பத்துக்கு அல்லது குலத்துக்கு மட்டும், குறிப்பிட்ட பருவத்திலோ குறிப்பிட்டவர் முன்னிலையிலோ மட்டும். இதைக் கணினியிலேயே பிரித்து வைக்க முகுர்து என்ற மென்பொருள் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் வருமுங்கு சமூகத்தோடு சேர்ந்து உருவானது.

மருந்துச் செய்முறை விவரம் பொதுவெளியில் போனால் யார் எடுத்துக் காப்புரிமை கேட்பார்கள் என்று சொல்ல முடியாது. தென்னாப்பிரிக்காவில் சான் மக்கள் பசியடக்க மென்ற ஹூடியா செடியில் ஆய்வு நிறுவனம் ஒன்று காப்புரிமை பெற்றபின், 2003-ல்தான் அவர்களோடு பங்கு ஒப்பந்தம் கையெழுத்தானது. அகத்தியமலையில் 1987-ல் காணிப் பழங்குடியினர் தின்ற ஆரோக்கியப்பச்சைக் காயைப் பார்த்து ஆய்வாளர்கள் மருந்து உருவாக்கினார்கள். உரிமக் கட்டணத்திலும் விற்பனைப் பங்கிலும் பாதி காணி மக்களுக்கு என்று முடிவாகி, 1997-ல் அறக்கட்டளை பதிவானது. முன்னோடி என்று பேசப்படும் இந்த ஏற்பாட்டிலும் சமூகம் பேச்சில் சேர்ந்தது பிந்தித்தான். மரபுவளப் பயனைப் பங்கிடுவது பற்றிய பன்னாட்டு ஒப்பந்தமான நகோயா நெறிமுறை 2014-ல் நடைமுறைக்கு வந்தது. முன்கூட்டியே தகவல் தந்து ஒப்புதல் பெறுவது அதன் அடிப்படை.

இடக்குறிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. கலிபோர்னியாவில் பழங்குடிகள் மதிக்கும் வெண்சேஜ் செடி, வாசனைப் புகைக்கான சந்தையால் காடுகளிலிருந்து மூட்டை மூட்டையாகத் திருடப்படுகிறது. துல்லியமான ஜிபிஎஸ் எண்ணை உள்ளகக் குறிப்பேட்டில் மட்டும் வையுங்கள். உயிரினப் பதிவுத் தளமான ஐநேச்சுரலிஸ்டில் ஏற்றினால் இடத்தை மறைக்கும் தெரிவைப் போடுங்கள், 0.2 டிகிரிக் கட்டத்துக்குள் எங்கோ ஒரு புள்ளியாகக் காட்டும்.

#9 ஏட்டுத்தேடல்

கானகக்கல்வியோடு ஓரிடத்தில் மாறுபடுகிறேன். பேசுவோர் ஒருவரும் இல்லாத மொழிகளுக்குப் பட்டியல்தான் முதல் விதை. வட அமெரிக்காவின் மயாமியா மொழி அப்படித்தான் ஏடுகளிலிருந்து எழுந்தது. பிரெஞ்சுப் பாதிரிகள் எழுதிய பழைய அகராதிகளும் பிற்காலக் குறிப்புகளும் அதற்கு மூலம். கலிபோர்னியாவின் சுமாஷ் மொழிகளுக்கு மொழியியலாளர் ஜே. பி. ஹாரிங்டன் விட்டுச்சென்ற குறிப்புகள் இல்லாவிட்டால் செடி அறிவில் பெரும்பகுதி நமக்கு எட்டியிருக்காது.

ஏட்டிலிருந்து எடுக்கும்போது மூன்றைச் சரிபாருங்கள். அறிவியல் பெயருக்கு உலர்மாதிரி இருக்கிறதா என்பது முதலாவது. மாதிரி இல்லாமல் எழுதப்பட்ட பெயரை ஐயத்துக்குரியது என்றே குறியுங்கள். இரண்டாவது, பெயர் மாறியிருக்கிறதா. லண்டனின் கியூ தாவரவியல் தோட்டத்தின் இணையத் தாவரப் பட்டியலில் பழைய பெயரைத் தட்டினால் இன்றைய பெயர் வரும். மூன்றாவது, எழுதியவர் எந்த மொழிக்காரர். பிரெஞ்சுக்காரர் எழுதிய எழுத்துக்கூட்டைப் பிரெஞ்சு ஒலிப்படி வாசிக்க வேண்டும். உலர்தாவரகத் தாள்களின் ஓரக்குறிப்புகளையும் விடாமல் பாருங்கள். உள்ளூர்ப் பெயர் என்று ஒரு சொல் பென்சிலில் எழுதிக் கிடக்கும்.

வினைகளும் ஏடுகளில் இருக்கின்றன, ஆனால் கதைகளுக்குள்ளும் பாட்டுகளுக்குள்ளும் சிதறிக் கிடக்கும். அவற்றைத் தேடி, வேலை வாரியாகத் திரட்ட வேண்டும்.

#10 கானகக்கல்வி

ஏட்டுத்தேடல் சொல்வதை ஏற்கிறேன். பேசுவோர் இல்லாதபோது பட்டியலே வாசல். அங்கும் திரட்டிய பெயரையும் வினையையும் ஒரே வேலைக்குள் கொண்டுவந்து, கையில் செடியோடு சொல்லிப் பழக வேண்டும்.

இன்னும் பேசாமல் விட்டது நிலம். செடியை அணுக முடியாத இடத்தில் அதன் சொல் ஓரிரு தலைமுறைதான் தாங்கும். கலிபோர்னியாவின் கரூக், யூரோக் மக்கள் கூடை பின்ன ஹேசல் குச்சி எடுக்கிறார்கள். புதருக்குத் தீயிட்டு, ஓரிரு பருவம் கழிந்தபின் எழும் நேரான, கணு இல்லாத, வளைத்தால் ஒடியாத தளிர்தான் ஏற்றது. தீயிடுவதற்கு அரசு தடை போட்டதும் புதர் முதிர்ந்து கோணலானது. குச்சி இல்லாதபோது அதன் தரத்தைச் சொல்லும் சொற்களுக்கும், எங்கே எப்போது தீ வைக்கலாம் என்ற பேச்சுக்கும் வேலை இல்லை. மொழித் திட்டத்தின் செலவுப் பட்டியலில் நாற்றங்கால், பறிக்கும் உரிமம், வண்டி வாடகை மூன்றும் இடம்பெற வேண்டும். பாடநூல் அச்சடிப்பதைக் காட்டிலும் இவை முன்னால் வர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

பாட ஆண்டை நாட்காட்டிப்படி வகுக்காமல் செடிப்படி வகுத்தால் மொழியே வழி காட்டும். ஆஸ்திரேலியாவின் டேலி ஆற்றங்கரையில் வாழும் ஙன்கி மொழி பேசுவோர் ஈட்டிப்புல்லின் வளர்ச்சிக் கட்டங்களை வைத்துப் பருவங்களுக்குப் பெயர் சொல்கிறார்கள். அந்தப் பருவ நாட்காட்டியைச் சமூகத்தோடு சேர்ந்து அச்சிட்டிருக்கிறார்கள். பள்ளி நாட்களும் கிழங்கு அகழும் காலமும் மோதினால் பள்ளிதான் வளைய வேண்டும். பருவம் தவறினால் உலர்ந்த மாதிரியை வைத்து நடிக்கத் தோன்றும். அதில் மூத்தவர்களுக்கே சொல் வராது, ஏனென்றால் சொல்லைக் கிளப்பும் மணமும் ஈரமும் அங்கே இல்லை.

மூத்தவர் ஒருவர், கற்பவர் ஒருவர் என்று இணைத்துச் செய்யும் முறை 1990-களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் தொடங்கியது. வாரம் 10 முதல் 20 மணி நேரம் இருவரும் தங்கள் மொழியில் மட்டும் பேசிக்கொண்டு அன்றாட வேலை செய்ய வேண்டும். செடி வேலை இதற்கு மிகப் பொருத்தம், கை ஓயாததால் பேச்சுக்கு இடைவெளி இயல்பாக அமையும். புரியாத இடத்தில் மொழிபெயர்க்காமல் செய்து காட்ட வேண்டும். மொழிபெயர்த்தே தீர வேண்டிய ஐயங்களைக் குறித்து வைத்து, வேலை முடிந்தபின், வேறு இடத்துக்கு எழுந்துபோய்க் கேட்கலாம்.

#11 வேர்ச்சொல்

எல்லோருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று. வேலை நடக்கிறது, பருவம் முடிகிறது. மொழி ஏறியதா என்று எப்படி அளப்பது? நிதி தருகிறவர்கள் ‘எத்தனை சொல் கற்றார்கள்’ என்று கேட்கிறார்கள்.

#12 ஒலிப்பேழை

சொல்லை எண்ணாமல் வேலையை எண்ணுங்கள். பருவத்தின் முதல் நாளிலும் கடைசி நாளிலும் அதே வேலையைப் பத்து நிமிடம் பதியுங்கள். மூன்றைக் கணக்கிட்டால் போதும்: கற்பவர் தானாகத் தொடங்கிய வாக்கியங்கள் எத்தனை, அவற்றில் வினை உள்ளவை எத்தனை, பாலமொழிக்கு (இருவரும் அறிந்த வேறு பொதுமொழிக்கு) தாவியது எத்தனை முறை. எலானில் இந்த மூன்றுக்கும் தனி அடுக்கு வைத்துக் குறித்தால் ஒரு பதிவுக்கு இரண்டு மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும். எண்ணாகவே கேட்பவர்களுக்கும் இதைக் கொடுக்கலாம்.

#13 கானகக்கல்வி

அதோடு ஒரு நேரடித் தேர்வும் வையுங்கள். கற்பவரைக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கச் சொல்லுங்கள். அந்த வேலையே அறியாத வேறொருவர், இவர் வாய்ச்சொல்லை மட்டும் கேட்டு, அகழ்வதிலிருந்து மூடுவது வரை செய்ய வேண்டும். எந்தப் படியில் கற்பவர் கை நீட்டிக் காட்டுகிறாரோ அந்தப் படியின் வினையும் இடச்சொல்லும் இன்னும் ஏறவில்லை. அடுத்த பருவத்துப் பாடத்தை அந்தப் படியிலிருந்து தொடங்குங்கள்.